ஏழு நாள் என்றார் பேராசிரியர்

வெற்றிச்செல்விக்குத் தன் பேராசிரியர்மேல் இருந்த மரியாதை என்றைக்குப் போயிற்று என்று கேட்டால் மணி உட்படச் சொல்வாள். ஜூலை மாதம் இரண்டாவது திங்கட்கிழமை, காலை பதினொன்றேகால்.

பெரம்பலூருக்கு வெளியே, நெடுஞ்சாலையைப் பார்த்து நிற்கும் ஒரு தனியார் கல்லூரியில் அவள் தடயவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். துறைத் தலைவர் முனைவர் குருநாதன். தடயவியலிலும் குற்றவியல் நீதியிலும் ஆராய்ச்சி செய்யும் முதுகலை மாணவர்களுக்கு ஆறு மாத இன்டர்ன்ஷிப், மாதாமாதம் உதவித்தொகை என்று சென்னையில் ஓர் அறக்கட்டளை அறிவித்திருந்தது. விண்ணப்பத்தை எழுதியவள் வெற்றிச்செல்வி. பிணத்தில் மொய்க்கும் ஈ எப்போது முட்டையிடும், புழு எத்தனை நாளில் எவ்வளவு நீளம் வளரும் என்பதற்கு அவர்கள் வகுப்பில் வைத்திருந்தது ஏதோ குளிர்நாட்டு அட்டவணை. பெரம்பலூர் வெயிலில் அது எப்படிப் பொருந்தும்? செத்த பன்றியைத் திறந்தவெளியில் வைத்து நாமே அளந்து பார்த்துவிடலாம் என்பது அவள் யோசனை. ஒன்பது பக்கம் எழுதினாள். அட்டையில் குருநாதன் பெயர் இருந்தது. அது வழக்கம்தான் என்று விட்டுவிட்டாள்.

பணம் வந்தது. இரண்டு இடம். ஒன்று அவளுக்கு, இன்னொன்று சரத்குமாருக்கு. சரத்குமாரின் பெரியப்பா கல்லூரி நிர்வாகக் குழுவில் இருந்தார் என்பதைத் தவிர அவனைத் தேர்ந்தெடுக்க வேறு காரணம் எதையும் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனைக்கும் அது துப்புத் துலக்கப் படிக்கும் வகுப்பு.

அந்தத் திங்கட்கிழமை குருநாதன் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டு வேலையைப் பிரித்தார்.

"சரத், நீ லேப்ல இருந்து டேட்டா அனாலிசிஸ் பாரு. வெற்றி, நீ ஃபீல்டு."

"ரெண்டு பேரும் மாறி மாறிப் போனா நல்லதுங்க சார். ஒரு நாளைக்கு மூணு தடவை அளக்கணும்" என்றாள் அவள்.

குருநாதன் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. தகப்பன் மாதிரி, கருணையோடு சிரித்தார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அவனுக்கு வாந்தி வந்துடும்மா. உங்க பக்கம் இதுக்கெல்லாம் கூச்சப்பட மாட்டாங்க. பழக்கம் இருக்குமில்ல?"

சுவரில் மணி பதினொன்றேகால். வெற்றிச்செல்வி அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள். சட்டையின் மடிப்பு, மேசைமேல் கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் வாங்கிய கேடயங்கள், சுழல் நாற்காலியின் தலைமாட்டில் விரித்த துண்டு, எல்லாவற்றையும் பார்த்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. இந்த ஆள் இவ்வளவுதான் என்ற எண்ணம் ஒன்று மட்டும் வந்து மனசில் உட்கார்ந்தது. அதற்கப்புறம் அது எழுந்து போகவே இல்லை.

"சரிங்க சார்" என்றாள்.

அந்தச் 'சரிங்க'வில் ஒரு கணக்கும் இருந்தது. இந்த ஆராய்ச்சி முழுவதும் அந்தப் பன்றியிடம்தான் இருக்கிறது. அசிங்கம் என்று இவர்கள் தள்ளிவிட்டதுதான் பாடம். மூக்கை மூடிக்கொண்டு போகிறவனுக்கு அனாலிசிஸ் செய்ய என்ன கிடைக்கப்போகிறது?

கல்லூரிக்குப் பின்னால் சீமைக்கருவேலங்காட்டில் இரும்பு வலைக் கூண்டு ஒன்றை நாய் நுழையாதபடி அடித்து, அதற்குள் முதல் பன்றியைக் கிடத்தினாள். அரை மணியில் ஈ வந்தது. மறுநாள் காலையில் காதோரம் அரிசி நொய்யைத் தூவியதுபோல் முட்டை. மூன்றாம் நாள் உடம்பே அசைகிற மாதிரி புழு. ஐந்தாம் நாள் புழுக்களெல்லாம் தின்று கொழுத்து, கூட்டமாக இறங்கி மண்ணுக்குள் போய்க் கூடு கட்டின. ஏழாம் நாள் தோலும் எலும்பும்தான் மிச்சம். மூன்று வேளையும் வெப்பநிலை குறித்தாள். புழுவைப் பொறுக்கி வெந்நீரில் முக்கி, சாராயப் புட்டியில் போட்டு, அளந்து, நோட்டில் எழுதினாள். ஆகஸ்டில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று, அக்டோபர் மழைக்கு நடுவில் இரண்டு. நான்கு பன்றியும் ஏறக்குறைய ஒரே கதையைத்தான் சொல்லின.

விடுதியில் அவளுக்குத் தனித் தட்டு வைத்தார்கள். நாற்றம் என்றார்கள். அவள் இரண்டு முறை குளித்துவிட்டுத்தான் வருவாள். ஆனாலும் சாப்பாட்டு மேசையில் அவள் உட்கார்ந்தால் நாலு பேர் எழுந்து போவார்கள். அவர்கள் போனபின் மேசை அகலமாக இருந்தது. நிதானமாகச் சாப்பிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா ராசாங்கம் அரியலூரிலிருந்து வந்தார். வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை அவருக்கு. கூண்டைச் சுற்றி வந்து பார்த்தார்.

"பாப்பா, செத்த மாட்டத் தூக்க மாட்டேன்னு சொன்னதுக்கு எங்கப்பன் கட்டி வச்சு அடி வாங்குனாரு. நீ எம்.எஸ்சி படிச்சிட்டு பன்னிகிட்ட ஒக்காந்திருக்கியே."

"அவர வேணாம்னு சொல்ல விடலப்பா. நான் வேணும்னு எழுதிக் கேட்டு வந்திருக்கேன்."

ராசாங்கம் கூண்டருகே குனிந்தார். வலை ஒரு மூலையில் தளர்ந்திருந்ததைப் பார்த்து, பையிலிருந்து குறடை எடுத்து முறுக்கிக் கட்டிவிட்டுப் போனார்.

அக்டோபர் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கல்லூரிக்குப் போன் வந்தது. பாடாலூருக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில், மக்காச்சோளக் காட்டுக்குள் ஒரு பெண்ணின் உடல் கிடந்தது. அரசுத் தடயவியல் வண்டி வேறொரு இடத்தில் மாட்டிக்கொண்டது, வர இருட்டிவிடும். பக்கத்துக் கல்லூரியில் ஈ, புழு ஆராய்ச்சி நடப்பதாகப் பேப்பரில் படித்த இன்ஸ்பெக்டர் புவனேஸ்வரி, யாராவது வந்து பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தார்.

குருநாதன் அறக்கட்டளை கொடுத்த நீலக் கோட்டை மாட்டிக்கொண்டார். சரத்குமார் கேமராவோடு முன்சீட்டில் ஏறினான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெற்றிச்செல்வி பின்னால் ஏறினாள்.

இறந்தவர் செங்கமலம், அறுபது வயது, தனிக்கட்டை. போன வெள்ளிக்கிழமை திருப்பூரில் இருக்கும் மகளிடம் போகிறேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பியவர். மகள் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. அன்று சாயங்காலம்தான் அதே ஊர் சின்னதுரைக்கும் அவருக்கும் வழியில் வாய்ச்சண்டை. சின்னதுரை "ஒன்ன வெட்டிப் போட்டுருவேன்" என்று கத்தியதை நாலு பேர் கேட்டிருந்தார்கள். இதையெல்லாம் சொன்னவர் சோளக்காட்டின் சொந்தக்காரர் கலைமணி. ஊரில் கௌரவமான ஆள். போலீஸ்காரர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

குருநாதன் வரப்போடு நின்றுவிட்டார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இருபதடி தூரத்திலிருந்து கேட்டார்.

"எப்ப காணாமப் போனாங்க மேடம்?"

"போன வெள்ளிக்கிழமை சார்."

"ம். புழுவோட சைஸைப் பார்த்தா..." அவர் நின்ற இடத்திலிருந்து புழு தெரியாது. "ஏழு நாள். கரெக்டா ஏழு நாள்."

சரத்குமார் அவரைப் படம் பிடித்தான்.

வெற்றிச்செல்வி உள்ளே போய்க் குத்தவைத்து உட்கார்ந்தாள். செங்கமலத்தின் புடைவை காலோரம் ஒதுங்கியிருந்தது; அதை முதலில் இழுத்துவிட்டாள். பிறகு முகத்தருகே பார்த்தாள். புழு இருந்தது. சின்னது. அரை அங்குலம்கூட இல்லை. கையால் மண்ணைக் கிளறினாள். தலைமாட்டில், கால்மாட்டில், இரண்டு பக்கமும் ஒரு சாண் ஆழம் கிளறினாள். ஒரு கூடு இல்லை. இன்ஸ்பெக்டரிடம் கேட்டு, புழுவில் கொஞ்சம் எடுத்துப் புட்டியில் போட்டு, எடுத்த இடமும் நேரமும் எழுதி ஒட்டினாள்.

காரில் திரும்பும்போது சொன்னாள்.

"சார், ஏழு நாள் இருக்காதுங்க. ஏழு நாள்னா மண்ணுல கூடு இருக்கணும், ஒடம்புல எலும்புதான் மிஞ்சியிருக்கும். நம்ம பன்னி நாலுலயும் அப்படித்தான். இது மூணு நாளுக்குள்ள. செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்கு முன்னாடி இருக்காது."

"டேபிள் பாத்தியா?"

"அது வேற ஊர் டேபிள் சார்."

குருநாதன் திரும்பிப் பார்த்தார். "நீ இன்டர்ன். இன்டர்னுக்கு ஒப்பீனியன் கிடையாது. அந்தம்மா வெள்ளிக்கிழமையிலருந்து காணோம். ஊரே சொல்லுது. இதுல நீ எதுக்குக் குறுக்க பேசுற?"

சரத்குமார் முன்சீட்டில் சிரித்தான். "பன்னிகிட்டயே கேட்டுருவோம் சார்" என்றான்.

அந்த ஆராய்ச்சியில் தன் பங்காக அதுவரை அவன் சொந்தமாகச் சொன்ன வாக்கியம் அது ஒன்றுதான்.

சனிக்கிழமை பேப்பரில் குருநாதன் படம் வந்தது. 'புழுக்களை வைத்து கொலை நாளைக் கண்டறிந்த பேராசிரியர்'. கீழே, சின்னதுரை கைது. அவன் பெண்டாட்டி பொன்னுத்தாய் ஸ்டேஷன் வாசலில் தலையில் அடித்துக்கொண்டு நிற்கும் படமும் இருந்தது. சனிக்கிழமையிலிருந்து வியாழன்வரை தன் புருஷன் உடையார்பாளையத்தில் முந்திரி மூட்டை ஏற்றும் வேலையில் இருந்தான் என்று அவள் கதறியதாக இரண்டு வரி. அது எதற்கும் உதவாது. கொலை வெள்ளிக்கிழமை நடந்துவிட்டது. நிபுணர் சொல்லியாயிற்று.

வெற்றிச்செல்வி அன்று முழுவதும் புட்டியில் இருந்த புழுக்களை அளந்தாள். ஒன்பது மில்லிமீட்டர். எட்டு. ஒன்பது. தன் நோட்டில் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் பக்கங்களோடு ஒப்பிட்டாள். ஏழாம் நாள் பக்கத்தில் ஒப்பிட ஒரு புழுகூட இல்லை. இன்டர்ன்ஷிப் போய்விடும் என்று தெரியும். மாதத் தொகை நின்றால் விடுதிக்கு அப்பாதான் கட்ட வேண்டும். அந்தப் பயம் அவளுக்கு இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வரப்பில் நின்ற ஒரு மனிதன் வாயால் ஒருவன் ஜெயிலில் கிடக்க, தான் வாயை மூடிக்கொண்டு அந்த மனிதனிடம் வணக்கம் சொல்லிப் படிப்பை முடித்தால், பிறகு வரப்பில் நின்றவனுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? அவனைப்போல் ஆகிவிடுவதை நினைத்தபோது வந்த அருவருப்பு அந்தப் பயத்தைவிடப் பெரியதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை நோட்டையும் புட்டியையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி ஸ்டேஷனுக்குப் போனாள்.

இன்ஸ்பெக்டர் புவனேஸ்வரி இரண்டு நாள் தூங்காத முகத்தோடு இருந்தார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு நோட்டைப் புரட்டினார்.

"ஏம்மா, பன்னிய வச்சுப் பாத்தத மனுசிக்குச் சொல்றியா?"

"அத வச்சுத்தான் மேடம் எல்லா ஊர்லயும் பாக்குறாங்க. மேல முடி கம்மி, தோலும் நம்மள மாதிரி. ஈக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒங்க சார் ஏழு நாள்னு எழுதிக் குடுத்திருக்காரே?"

"அவரு எந்தப் புழுவ அளந்தாருன்னு கேளுங்க மேடம்."

புவனேஸ்வரி நிமிர்ந்து பார்த்தார். வரப்பில் நின்றவர் யார், மண்ணைக் கிளறியவர் யார் என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது. வெள்ளிக்கிழமையே அது அவர் மனசை உறுத்தியிருக்க வேண்டும்.

"சரி, செவ்வாய்க்கிழமைதான் செத்துச்சுன்னு வையி. வெள்ளியிலருந்து செவ்வாய் வரைக்கும் அந்தப் பொம்பள எங்க இருந்துச்சு?"

"அது எனக்குத் தெரியாதுங்க. புழு அத சொல்லாது."

இந்தப் பதில்தான் இன்ஸ்பெக்டரை அசைத்தது என்று பின்னால் தெரிந்தது. குருநாதன் எதற்கும் தெரியாது என்று சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமையை வைத்துப் புவனேஸ்வரி மறுபடி விசாரித்ததில் மூன்று நாளில் விஷயம் வெளியே வந்தது. செங்கமலம் திருப்பூருக்குப் போகவே இல்லை. மகளோடு மனஸ்தாபம், ஊரில் அதைச் சொல்ல வெட்கப்பட்டு, கொள்ளிடக்கரையில் திருமழபாடிக்குப் போய், கோயில் வாசலில் பூ விற்கும் பழைய சிநேகிதியிடம் நாலு நாள் தங்கியிருந்தார். செவ்வாய்க்கிழமை பிற்பகல் அந்தப் பூக்காரிதான் பஸ் ஏற்றிவிட்டார். ஊருக்கு வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. குறுக்கு வழியில் கலைமணியின் வரப்போடு நடந்திருக்கிறார். கதிர் பிடிக்கிற பருவம். காட்டுப்பன்றி நுழையாமலிருக்கக் கலைமணி பொழுது சாய்ந்தால் கம்பியில் திருட்டுக் கரண்டு விடுவது வழக்கம். காலையில் கலைமணி வந்து பார்த்தபோது கம்பியில் கால் பட்டுப் பொம்பளை செத்துக் கிடந்தார். கம்பியைச் சுருட்டி ஒளித்துவிட்டு, உடலை நடுக்காட்டுக்கு இழுத்துப்போட்டுவிட்டு, கரண்டு சுட்ட தடம் தெரியாமல் அழுகட்டும் என்று இரண்டு நாள் காத்திருந்தார். பிறகு தானே போலீசுக்குச் சொல்லி, சின்னதுரையின் சண்டையையும் சொல்லி, இளநீரும் வெட்டிக் கொடுத்தார்.

சின்னதுரை வெளியே வந்தான். குருநாதன் ஒரே ராத்திரியில் 'திருத்திய கருத்துரை' எழுதிக் கொடுத்தார். அதில் வெற்றிச்செல்வியின் அளவுகள் எல்லாம் இருந்தன, அவள் பெயர் மட்டும் இல்லை. அவளைக் கூப்பிட்டு, "நானும் அன்னிக்கே டவுட் பட்டேன். நீ அவசரப்பட்டுட்ட" என்றார்.  அந்த வெட்கமின்மைக்கு ஓர் அளவுகோல் கிடைத்தால் அதையும் நோட்டில் குறித்திருப்பாள்.

டிசம்பரில் விழா. அறக்கட்டளைக்காரர்கள் சென்னையிலிருந்து வந்தார்கள். அடுத்த ஆண்டு பத்து மாணவர்களுக்குப் பணம் என்று அறிவித்தார்கள். குருநாதனுக்குப் பொன்னாடை. சரத்குமாருக்குச் சான்றிதழ். சின்னதுரையையும் பொன்னுத்தாயையும் யாரோ கூட்டிவந்திருந்தார்கள்; இருவரும் மேடையிலேயே குருநாதன் காலில் விழுந்தார்கள். அவர் பதறினவர்போல் தூக்கிவிட்டார், கேமராவுக்கு முகம் தெரிகிற மாதிரி. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த வெற்றிச்செல்விக்கு அந்த இரண்டு பேர்மேல் வருத்தம் இல்லை. காப்பாற்றியவர் இவர் என்றுதான் அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். மேடையைப் பார்த்தபோது, ஏழாம் நாள் வரை காத்திருந்தால் இதிலும் தோலும் எலும்பும்தான் மிஞ்சும் என்று தோன்றியது.

விழா முடிந்து அறக்கட்டளைச் செயலாளர் அவளிடம் ஒரு படிவத்தை நீட்டினார். ஆறு மாத நீட்டிப்பு. பதவி: கள உதவியாளர். ஆராய்ச்சியாளர் என்ற இடத்தில் சரத்குமார் பெயர். நோட்டின் மூலப்பிரதியைத் துறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு வரி.

"நல்ல வாய்ப்பும்மா. உங்கள மாதிரி பேக்ரவுண்டுல இருந்து வர்றவங்களுக்காகத்தான் நாங்க இதையெல்லாம் செய்யறோம்" என்றார்.

"எங்கள மாதிரி இல்லாதவங்களுக்குத்தான் செஞ்சுட்டீங்களே சார்" என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். மூலப்பிரதியைத் தரவில்லை. முன்பே எடுத்து வைத்திருந்த நகல்களில் ஒன்றைத் துறைக்குக் கொடுத்தாள். மூலப்பிரதி ஏற்கெனவே இன்ஸ்பெக்டர் புவனேஸ்வரி மூலம் கோர்ட்டுக்குப் போய்விட்டிருந்தது.

படிப்பு முடிந்தது. வேலை தேடினாள். அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் சோதனைக் கூடத்தில் சிமெண்ட் தூளை அளக்கும் வேலைதான் கிடைத்தது. போனாள்.

ஒன்றரை வருஷம் கழித்து அவளுக்குச் சம்மன் வந்தது. கலைமணி வழக்கில் அரசுத் தரப்புச் சாட்சி. கோர்ட்டுக்குப் பொன்னாடை தெரியாது. புழுவை எடுத்தவர் யார், அளந்தவர் யார், மண்ணைக் கிளறியவர் யார் என்றுதான் அதற்குக் கேட்கத் தெரியும். புவனேஸ்வரி குற்றப்பத்திரிகையில் எல்லா இடத்திலும் அவள் பெயரையே எழுதியிருந்தார். குருநாதனுக்கும் சம்மன் போயிருந்தது, முதல் கருத்துரையை எழுதியவர் என்ற முறையில்.

முந்தின நாள் சாயங்காலம் அவர் போன் செய்தார்.

"வெற்றி, நல்லாயிருக்கியா? ஒண்ணுமில்ல, நாளைக்கு ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லிடணும். நீ சாம்பிள் எடுக்கும்போது நான் பக்கத்துல நின்னு கைடு பண்ணேன். அவ்வளவுதான்."

"கேட்டா, இருந்தத சொல்லுவேங்க சார்."

"உனக்கு பிஎச்.டி வேணாமா?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

பெரம்பலூர் கோர்ட்டில் அவள் கூண்டில் ஏறி அரை மணி நேரம் பேசினாள். கலைமணியின் வக்கீல் எழுந்தார். தொந்தியில் கையை வைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு கேட்டார்.

"பன்னிங்களோட உங்களுக்கு ரொம்ப நாள் பழக்கமோ?"

கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். வெற்றிச்செல்வி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நாலு பன்னிங்க, நாலு தடவ. எல்லாம் செத்தப்புறம்தான் பாத்தேன். உயிரோட இருக்கறதுங்க நடந்துக்கறதப் பத்தி எனக்கு எதுவும் தெரியாது."

இந்த முறை நீதிபதியே குனிந்துகொண்டார். வக்கீல் வேகமாக அடுத்த கேள்விக்குப் போனார். உங்கள் பேராசிரியர் ஏழு நாள் என்றாரே, அனுபவம் உள்ள அவர் சொன்னது தப்பா? தப்பு. எப்படிச் சொல்கிறீர்கள்? அவர் புழுவைப் பார்க்கவில்லை. எங்கே நின்றார்? வரப்பில். எவ்வளவு தூரம்? இருபதடி. அளந்தீர்களா?

"அப்ப அளக்கல. இன்ஸ்பெக்டரோட மேப்ல இருக்குங்க."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். தட்டச்சர் கடைசி வரியை அடித்து முடிக்கும்வரை அவள் நின்று, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வராந்தாவில் குருநாதன் அடுத்த சாட்சியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சரத்குமார், இப்போது அதே துறையில் உதவிப் பேராசிரியர், தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவளைப் பார்த்ததும் குருநாதன் எழுந்தே விட்டார். முதல்முறையாக எழுந்தார்.

"என்னம்மா கேட்டாங்க? நான் எங்க நின்னேன்னு கேட்டாங்களா? என்ன சொன்ன?"

"உள்ள போங்க சார், உங்களையே கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு, அரியலூர் பஸ் எத்தனை மணிக்கு என்று வாசலில் நின்ற போலீஸ்காரரிடம் விசாரித்துக்கொண்டு வெற்றிச்செல்வி படியிறங்கினாள். உள்ளே குருநாதன் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள்.